முட்டிச் சூடு அடங்கட்டும், மதினி

மதினி,

இன்று காலை கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். அவர் சேலையை ஒதுக்கிக் காலை நீட்டுவதற்குள்ளேயே வாசம் வந்துவிட்டது. விளக்கெண்ணெய் தடவி அடுப்பில் வாட்டிய எருக்கிலை. முட்டியில் வைத்துப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். உங்கள் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது போல இருந்தது எனக்கு.

சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "முட்டி சுடுதாக்கா?" என்று கேட்டேன். "கொதிக்குதும்மா" என்றார். "கொதிக்கிற முட்டிக்கு மேல எதுக்கு இன்னும் சூடு வைக்கிறீக? ஐஸை துணியில சுத்தி வைங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு வந்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னமனூர் தாண்டியும் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, கடைசியில் கண்ணீர் வந்து முந்தானையைத் தேட வேண்டியதாயிற்று. அந்த வாக்கியத்தை எத்தனை முறை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறீர்கள்!

சுருளிப்பட்டித் தோட்டத்தில் பன்னீர் திராட்சைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். கூடையைக் காப்பாற்றி முட்டியைக் கொடுத்தீர்கள். குருத்தெலும்பு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். அதிலிருந்து முட்டி வீங்கும், கொஞ்சம் வற்றும், மறுபடி வீங்கும். படி ஏறலாம், நடக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியோடு நின்றுகொண்டே சண்டை போடலாம். மண்டியிட மட்டும் முடியாது.

மற்றவர்களாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். உங்களால் விட முடியவில்லை. கோயில் திருப்பலியில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நீங்கள் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. "மகாராணி கணக்கா உக்காந்திருக்கேன், சாமி என்ன நினைப்பாரு?" என்று ஒவ்வொரு ஞாயிறும் புலம்புவீர்கள். "சாமி முட்டியவா பாத்துக்கிட்டு இருக்காரு?" என்றால், "நீ கோயில்ல சயின்சு பேசாத" என்பீர்கள். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மட்டும் உண்மையைச் சொன்னீர்கள். பிறந்த சில நாளிலேயே போய்விட்ட மூத்த பிள்ளைக்காக, ஒவ்வொரு பெரிய வெள்ளியும் சிலுவைப்பாதையின் பன்னிரண்டாம் நிலையில், இயேசு உயிர்விடும் அந்த இடத்தில், மண்டியிட்டு வேண்டிக்கொள்வது உங்கள் வழக்கம். அண்ணனுக்குக்கூட அது தெரியாது. "ஒக்காந்துக்கிட்டு அவனை நெனைக்க எனக்கு மனசு வரல" என்றீர்கள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருவரும் அழுதோம்.

தேனியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் முட்டிக் குருத்தெலும்புக்கு ஸ்டெம் செல் சிகிச்சை ஆய்வு தொடங்கியிருந்த நேரம் அது. நான் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் இருந்தேன். வீட்டில் எனக்கு 'லேப்புக்காரி' என்று பெயர் வைத்தவரே நீங்கள்தான். வளர்ந்த மனிதரின் கொழுப்பிலும் எலும்பு மஜ்ஜையிலும் இன்னும் எதுவாகவும் முடிவாகாத செல்கள் கொஞ்சம் இருக்கும், அவற்றை எடுத்துப் பெருக்கிக் கெட்ட முட்டிக்குள் விட்டுப் பார்க்கிறோம் என்று உங்களுக்கு விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "என் தொப்பையிலிருந்தா எடுப்பீக? அப்ப அதுக்கும் ஒரு வேலை இருக்குன்னு சொல்லு" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டீர்கள். அன்றைக்கே பெயரைக் கொடுக்கச் சொன்னீர்கள். பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலம் தொடங்குமுன் ஊசி போட்டாக வேண்டும் என்பது உங்கள் உத்தரவு.

டாக்டர் பார்த்தார். முட்டி சூடாக இருந்தது, வீங்கியும் இருந்தது. இந்த அழற்சி அடங்கினால்தான் ஆய்வில் சேர்க்க முடியும், அடுத்த முறை வரும்போது வீக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தீர்கள். அடுத்த முறை போவதற்கு முந்தின நாள் நான் ஊருக்கு வந்தபோது முட்டி பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. முகமோ உப்பியிருந்தது. காலையில் சாப்பிட்ட இட்லி போதாமல் பழைய சோற்றுப் பானையையும் துழாவிக்கொண்டிருந்தீர்கள். சர்க்கரை எகிறியிருந்தது.

"மதினி, செட் மாத்திரை போட்டீகளா?"

நம் பக்கத்தில் எந்தக் கடையில் போய் முட்டி வலி என்றாலும், பொட்டலத்தில் வண்ண வண்ணமாய் நாலைந்து மாத்திரையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கும். வலி பறந்துவிடும்; முகம் உப்பும், பசி கூடும், சர்க்கரை ஏறும்.

"ஆமா, போட்டேன்" என்றீர்கள், ஒளிக்காமல். "வீக்கம் வத்தணும்னுதான சொன்னாக? வத்திருச்சில்ல?"

பரீட்சையில் பாஸ் ஆகச் சொன்னார்கள், ஆகிவிட்டேன் என்பது போல நின்றீர்கள். "டாக்டருட்ட சொல்லிறாத ஆத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று என் கன்னத்தைப் பிடித்தீர்கள். நான் சொல்வேன் என்றேன். மறுநாள் உங்களை வைத்துக்கொண்டே சொன்னேன். அந்த ஆண்டு ஆய்வில் உங்கள் பெயர் இல்லை.

இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை, மதினி. உங்கள் முகம் அப்போது போன போக்கை நினைத்தால்தான் வருத்தம்.

ஊருக்கு வந்ததும் அடுப்படியில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? அழற்சி என்றால் என்ன என்று உங்களுக்குப் புரியவைத்தே தீருவது என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். காயம்பட்ட இடத்தில் உடம்பு மூட்டுகிற தீ அது. பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று அந்தத் தீயிலிருந்துதான் சேதி போகும். கொஞ்சமாக இருந்தால் செல்கள் விழித்துக்கொண்டு வேலையில் இறங்கும். மாதக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருந்தால் புதிதாக உள்ளே விடும் செல்களில் பெரும்பாலும் செத்துப்போகும், பிழைத்ததும் குருத்தெலும்பாக மாறாது.

"தழை உரத்துக்குக் கொழிஞ்சியை வெட்டி மிதிச்ச மறுநாளே அந்த வயல்ல நாத்து நடுவீகளா?" என்று கேட்டேன். "தழை அழுகி, சூடு ஆறாம நட்டா நாத்து மஞ்சளாப் போயிரும்ல?"

"அதுக்காக வருசம் பூராவுமா வயலைத் தரிசாப் போட்டு வைப்பாக?" என்று திருப்பிக் கேட்டீர்கள். "அதான் மாத்திரையப் போட்டுச் சூட்டை ஆத்திட்டேனே!"

"ஆத்தல மதினி, மூடி வச்சிருக்கீக. மாத்திரை நின்னா நாளைக்கே திரும்பக் கொதிக்கும். அதோட, மாத்திரை அந்தச் சேதியையும் அடைச்சிரும். ஒரு வீட்டுல காரியம்னா சொல்லிவிட்டாத்தான ஆளு வரும்? சேதியே போகலைன்னா செல்லு அங்கன போய் எதுக்குன்னு தெரியாம நிக்கும்."

"நிக்கட்டும். நானும் நின்னுக்கிறேன். மண்டி போடத்தான் ஏலலையே" என்று சொல்லிக் கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டுப் போனீர்கள். அத்தோடு என்னிடம் பேச்சு நின்றது. நான் அதே அறையில் உட்கார்ந்திருப்பேன். "ஏங்க, உங்க தங்கச்சிக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க" என்பீர்கள். அண்ணன் பாவம், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பி, "சோறு வேணுமாம்மா?" என்று கேட்பார். "ரசம்தான் வேணும்னு உங்க வீட்டம்மாட்டச் சொல்லுங்க" என்பேன். ரசம் வரும், நங்கென்று வைக்கப்படும்.

அந்தப் பெரிய வெள்ளி வந்தது. டாக்டர் செட் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தியிருந்ததால் முட்டி பழையபடி சூடேறியிருந்தது. பன்னிரண்டாம் நிலையில் கோயிலே அடங்கிப்போய்க் கிடந்தது. திரும்பிப் பார்த்தால் உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது. தரையில் இரண்டு முட்டியும் ஊன்றிக் கண்ணை மூடி நின்றீர்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு. எல்லோரும் எழுந்து அடுத்த நிலைக்கு நகர்ந்தார்கள். உங்களால் எழ முடியவில்லை. நானும் அண்ணனும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். மாதக்கணக்கில் பேசாதவர் அப்போதுதான் வாயைத் திறந்தீர்கள்.

"பாத்தியா, ஒன்னால."

"என்னால இல்ல மதினி, ஒங்க முட்டியால" என்றேன். தூக்கிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பூசணிக்காய் போல வீங்கிய அந்த முட்டியிலிருந்து மறுநாள் டாக்டர் நீரை எடுத்தார். கலங்கிய மஞ்சளாக இருந்தது. உங்களிடம் கேட்டுக்கொண்டு அதில் கொஞ்சத்தை உறைபெட்டியில் வைத்தோம். அன்றிலிருந்துதான் காத்திருப்பது என்ற வேலையை நீங்கள் முறையாகத் தொடங்கினீர்கள். அது சும்மா இருப்பது இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், தொடைக்குப் பயிற்சி, சூடு ஏறும்போதெல்லாம் ஐஸ். இதற்கு நடுவே கடைவாய்ப் பல் ஒன்று சீழ் பிடித்து ஆண்டுக்கணக்காய்க் கிடந்தது தெரிந்தது. அதைப் பிடுங்கச் சொன்னதும் பொங்கி எழுந்தீர்கள். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுதியே!" உடம்பில் எங்கே நெருப்பு இருந்தாலும் அதன் புகை ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகும், நாளைக்கு எடுக்கப்போகும் உங்கள் தொப்பைச் செல்களும் அதில் களைத்துப்போயிருக்கும் என்றேன். தொப்பையைச் சொன்னதும் இறங்கி வந்தீர்கள். அதன் மேல் உங்களுக்கு அப்போதே ஒரு பெருமை வந்துவிட்டிருந்தது.

மழைக்காலம் போய் முட்டியும் தணிந்தது. இந்த முறை மாத்திரை இல்லாமலே. உங்களை ஆய்வில் சேர்த்தார்கள், வயிற்றிலிருந்து கொழுப்பெடுத்துச் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். உறவுக்காரி என்பதால் உங்கள் செல்லை நான் தொடக்கூடாது. என்னோடு வேலை பார்க்கும் ஜெயந்திதான் எல்லாம் செய்தாள். ஒருநாள் அவள் உங்களைக் கூப்பிட்டு, உள்ளே நுண்ணோக்கியில் தெரிவதை வெளியறைத் திரையில் காட்டினாள்.

முதல் தட்டில் உங்கள் செல்களைப் பெரிய வெள்ளிக்கு மறுநாள் எடுத்த நீரில் விட்டிருந்தாள். சுருங்கி, உருண்டு, பிடிப்பில்லாமல் மிதந்தன. இரண்டாவதில் தணிந்த முட்டியிலிருந்து எடுத்த நீர். அதில் அதே செல்கள் நீள நீளமாய்க் கால் பரப்பி, தட்டில் ஒட்டி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோனீர்கள்.

"ரெண்டும் நாந்தானா?"

"ரெண்டும் நீங்கதான்" என்றாள் ஜெயந்தி.

"செத்துக் கெடக்கே, இது... அன்னைக்கே போட்டிருந்தா இந்தக் கதிதானா?"

"பெரும்பாலும் அப்படித்தான்க்கா."

திரையில் அந்த உருண்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை மொதல்லயே காட்டியிருந்தா நான் ஏன் கரண்டியத் தூக்கி எறியப்போறேன்?" என்றீர்கள். "மொதல்ல காட்ட ஒங்க தொப்பை கையில இல்லையே மதினி" என்றேன். என் முதுகில் ஓர் அடி விழுந்தது. அந்த அடியோடு எங்கள் வழக்கு தீர்ந்தது.

ஊசி போட்டார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. அதிசயம் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வாரங்கள் போகப் போக வலி குறைந்தது, வீக்கம் திரும்பி வரவில்லை. இதில் செல்லின் பங்கு எவ்வளவு, பல்லின் பங்கு எவ்வளவு, நீங்கள் திட்டிக்கொண்டே செய்த பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒருவரை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது. நீங்கள் அந்தக் கவலையெல்லாம் படாமல் மொத்தப் புகழையும் தொப்பைக்கே எழுதிவைத்தீர்கள். சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் வயிற்றைத் தட்டிக் காட்டி, "இங்கன இருந்து எடுத்து இங்கன வச்சாக" என்று முட்டியைக் காட்டுவீர்கள்.

அடுத்த பெரிய வெள்ளியில், பன்னிரண்டாம் நிலையில், துண்டை மடித்துத் தரையில் போட்டு அதன் மேல் மெல்ல இறங்கினீர்கள். நான் ஜெபத்தை விட்டுவிட்டு உங்கள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாவம் வந்தாலும் வரட்டும் என்று. நீங்கள் மூத்தவனோடு பேசி முடித்து, பெஞ்சில் ஒரு கையை மட்டும் ஊன்றி, எங்களில் யாரையும் கூப்பிடாமல் எழுந்தீர்கள். அதைவிடச் சந்தோஷமான நாள் என் வேலையில் எனக்கு வாய்த்ததில்லை.

போன ஆடியில் உங்களுக்கு மாரடைப்பு வந்தது. முட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோட்டத்திலிருந்து திரும்பித் தண்ணீர் கேட்டிருக்கிறீர்கள், அண்ணன் செம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், சோறு வேணுமா என்று கேட்கச் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு உங்களைத் தேடுகிறது, மதினி.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு ஊசி போட்டது போக மீந்த செல்கள் சிறு குப்பிகளில் திரவ நைட்ரஜனுக்குள் இருந்தன. மிச்சத்தை அழித்துவிடலாமா, ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று அப்போது உங்களிடம் கேட்டார்கள். "நல்லா வளந்ததை எதுக்குக் கொட்டுறீக? வேணுங்கறவுகளுக்கு ஆகட்டும்" என்று கையெழுத்துப் போட்டீர்கள். ஆகிக்கொண்டிருக்கிறது. இப்போது முட்டிக்கு வருகிறவர்களின் நீரை முதலில் உங்கள் செல்களின் மேல்தான் விட்டுப் பார்க்கிறோம். உருண்டு மிதந்தால் அந்த முட்டி இன்னும் கொதிக்கிறது, கால் பரப்பி ஒட்டினால் தணிந்திருக்கிறது. எங்கள் கணக்கில் அதற்கு ஓர் எண்தான். ஆனால் நான் 'மதினி, மதினி' என்பதைக் கேட்டு ஜெயந்தியும் பழகிவிட்டாள். தட்டை வெளியே எடுக்கும்போதெல்லாம், "மதினி என்ன சொல்றாகன்னு பாப்போமா?" என்பாள். முதல் தடவை அதைக் கேட்டபோது வெளியே போய் நின்றுகொண்டேன். இப்போது நானே சொல்கிறேன்.

போன வாரம் தேவாரம் ஊரிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி வந்திருந்தார். சீசன் தொடங்குமுன் ஊசியை முடித்துக்கொண்டு மலையேற வேண்டும் என்று அவசரம். அவர் முட்டி நீரில் நீங்கள் ஒரே இரவில் சுருண்டுவிட்டீர்கள். டாக்டர் அறுவை அரங்கில் இருந்ததால் நான்தான் போய்ச் சொன்னேன். இப்போது முடியாது, சர்க்கரையைப் பாருங்கள், பல்லைக் காட்டுங்கள், செட் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "முட்டிக்கு ஊசி போட வந்தவனப் பல்லைக் காட்டச் சொல்றீகளே, வெளாட்டா இருக்கா?" என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். முன்பெல்லாம் யாராவது இப்படி எழுந்தால் எனக்கும் குரல் உயரும். உங்கள் கோபத்துக்கு எதிரே ஒரு வருடம் வந்து வந்து உட்கார்ந்து சோறு தின்றவள் நான். கை கட்டி நிற்க முடிகிறது, சொன்னதை மாற்றாமலும் இருக்க முடிகிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது இதுதான்.

"எம்புட்டு நாளைக்குக் காத்திருக்கணும்?"

"சூடு அடங்குற வரைக்கும்."

"யாரு சொன்னா?"

"எங்க மதினி சொல்லிட்டாக" என்றேன்.